முன்பாரம், பின்பாரம்: குட்டி லோடர் ஏன் குடைசாய்கிறது?

மாட்டுவண்டி ஓட்டிப் பழகியவர்களிடம் இரண்டு சொற்கள் இருந்தன: முன்பாரம், பின்பாரம். மூட்டைகளை முன்னால் தள்ளி அடுக்கினால் நுகத்தடி மாட்டின் கழுத்தில் இறங்கி அழுத்தும். பின்னால் அடுக்கினால் நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். பாரத்தின் அளவு இரண்டிலும் ஒன்றுதான்; இருக்கும் இடம்தான் வேறு. நல்ல வண்டிக்காரர் பாரம் ஏற்றியதும் நுகத்தடியை ஒருமுறை கையால் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டைப் பூட்டுவார்.

கட்டுமான இடங்களிலும் செங்கல் சூளைகளிலும் துறைமுகத்திலும் ஓடுகிற குட்டி லோடருக்கும் இதே அறிவுதான் வேண்டும். எந்தக் கம்பெனி தயாரித்ததாக இருந்தாலும் நம் ஊரில் பலர் அதை ‘பாப்காட்’ என்றே அழைக்கிறார்கள். முன்னால் பக்கெட், நடுவில் கூண்டு போன்ற ஓட்டுநர் இருக்கை, பின்னால் என்ஜின், நான்கு சக்கரங்கள். ஸ்டியரிங் கிடையாது. ஒரு பக்கச் சக்கரங்களை முன்னோக்கியும் மறுபக்கச் சக்கரங்களைப் பின்னோக்கியும் சுழற்றினால் வண்டி நின்ற இடத்திலேயே திரும்பும். பார்க்க விளையாட்டுச் சாமான்போல இருப்பதாலேயே பலர் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்குக் கவலை தருவது அதுதான்.

இந்த வண்டி ஏன் இவ்வளவு குட்டையாக இருக்கிறது என்பதற்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ராத்சே என்ற சிற்றூரில் லூயிஸ் கெல்லர், சிரில் கெல்லர் என்ற சகோதரர்கள் பட்டறை வைத்திருந்தார்கள். 1956-இல் வான்கோழிப் பண்ணைக்காரர் ஒருவர் அவர்களிடம் ஒரு தேவையோடு வந்தார். அவருடைய கொட்டகைக்கு மேல்தளமும் இருந்தது. எங்கு பார்த்தாலும் தூண்கள். அந்தத் தூண்களுக்கு நடுவே புகுந்து எருவை அள்ள வேண்டும்; மேல்தளம் தாங்குகிற அளவுக்கு எடையும் குறைவாக இருக்க வேண்டும். சகோதரர்கள் செய்து கொடுத்தது மூன்று சக்கர வண்டி. 1957 பிப்ரவரியில் அது வேலைக்கு வந்தது. 1960-இல் நான்கு சக்கர வடிவம் வந்தது. தூண்களுக்கு நடுவே திரும்ப வேண்டும் என்ற அந்த ஒரு தேவையின் தடம் இன்றைய வண்டியிலும் இருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே சுமார் ஒரு மீட்டர்தான். அந்த ஒரு மீட்டர்தான் இந்த வண்டியின் பலம், அதன் பலவீனமும் அதுவே.

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், பெருக்கலும் வகுத்தலும் போதும்.

கிணற்றில் ஏற்றம் இறைத்ததைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். துலா மரத்தின் மேல் ஒருவர் நடப்பார். நாலடி முன்னே வைத்தால் சால் கிணற்றுக்குள் இறங்கும். நாலடி பின்னே வைத்தால் நீரோடு மேலே வரும். நடப்பவரின் எடை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. தாங்குகாலிலிருந்து அவர் எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. லோடரில் அந்தத் தாங்குகால் முன்சக்கரங்கள். ஒரு பக்கம் பக்கெட், மறுபக்கம் வண்டியின் சொந்த எடை.

2,800 கிலோ எடையுள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். பக்கெட் காலியாக இருக்கும்போது இவ்வகை வண்டிகளில் ஏறக்குறைய 70 விழுக்காடு எடை பின் சக்கரங்களில் இருக்கும். அதாவது 1,960 கிலோ. அது முன்சக்கரத்திலிருந்து ஒரு மீட்டர் பின்னால் இருக்கிறது. 1,960-ஐ ஒன்றால் பெருக்கினால் 1,960. பக்கெட்டில் உள்ள பாரம் முன்சக்கரத்திலிருந்து 1.4 மீட்டர் முன்னால் இருந்தால், 1,960-ஐ 1.4-ஆல் வகுக்க வேண்டும். விடை 1,400 கிலோ. அந்த எடையில் பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும். இதைக் கவிழ்பாரம் என்று சொல்லலாம். அதே பாரத்தை 20 சென்டிமீட்டர் மட்டும் உள்ளே இழுத்து 1.2 மீட்டரில் வைத்தால் கவிழ்பாரம் 1,630 கிலோவுக்கு மேல் போய்விடுகிறது. ஒரு சாண் தூரத்துக்கு 230 கிலோ! பக்கெட்டைப் பின்னோக்கிச் சுருட்டி, வண்டியை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்று பழைய ஆபரேட்டர்கள் ஓயாமல் சொல்வதன் பொருள் இதுதான்.

கவிழ்பாரம் 1,400 கிலோ என்றால் 1,300 கிலோவரை தூக்கலாமா? கூடாது. சக்கரம் வைத்த குட்டி லோடருக்குக் கவிழ்பாரத்தில் பாதிதான் அனுமதிக்கப்பட்ட பாரம். நம் வண்டிக்கு 700 கிலோ. ரப்பர் பட்டைச் சங்கிலியில் ஓடுகிற வண்டிக்கு வழக்கமாக 35 விழுக்காடு. வண்டியின் கையேட்டில் எழுதியிருப்பது இந்தக் குறைந்த எண்தான். மீதிப் பாதி வீணாகக் கிடக்கிறது என்று நினைக்கிற முதலாளிகளை நான் பார்த்திருக்கிறேன். “வண்டி தூக்குகிறதே, பிறகு என்ன?” என்பார்கள். கவிழ்பாரத்தை அளப்பது அசையாமல் நிற்கிற வண்டியில், கெட்டியான சமதளத்தில். மேடு, பள்ளம், பிரேக், திருப்பம், சரிவு ஒன்றும் அந்த அளவையில் கிடையாது. நம் வேலையிடத்தில் அவை அத்தனையும் உண்டு. அந்த மீதிப் பாதி அவற்றுக்காக ஒதுக்கி வைத்தது.

பக்கெட்டைக் கழற்றிவிட்டு வேறு கருவியை மாட்டினால் இந்தக் கணக்கு மாறும். பாறை உடைக்கும் கருவி பக்கெட்டைவிடக் கனமானது என்றால் அந்தக் கூடுதல் எடையும் முன்பாரம்தான். மூட்டைப் பலகை தூக்கும் ஃபோர்க்கை மாட்டினால் சுமையின் நடுப்பகுதி இன்னும் முன்னே தள்ளிப்போகும். பக்கெட்டில் 700 கிலோ தூக்கிய வண்டி ஃபோர்க்கில் 700 கிலோ தூக்கும் என்று நம்பக் கூடாது. ஃபோர்க்குக்கு என்று கையேட்டில் தனி எண் இருக்கும். அது குறைவாகவே இருக்கும்.

சரி, பக்கெட்டில் எத்தனை கிலோ இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? தொடக்கக்காரர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்.

பக்கெட்டுக்கு எடை தெரியாது, கன அளவுதான் தெரியும். நம் வண்டியின் பக்கெட் 0.4 கன மீட்டர் என்று வைப்போம். கட்டுமானக்காரர் கணக்கில் 14 கன அடி. ஏழு பக்கெட் அள்ளினால் ஏறத்தாழ ஒரு யூனிட், அதாவது 100 கன அடி. காய்ந்த மணல் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1,600 கிலோ. அப்படியானால் ஒரு பக்கெட் 640 கிலோ, 700-க்குள் அடங்குகிறது. நன்றாக நீர் ஊறிய மணல் ஒரு கன மீட்டருக்கு 1,900 முதல் 2,000 கிலோவரை வரும். அதே பக்கெட், அதே குவியல், 800 கிலோ. எல்லையைத் தாண்டிவிட்டோம், கண்ணுக்கு ஒரு வேறுபாடும் தெரியாமல். (லேசாக ஈரம் பட்ட மணல் உப்பிப் பருமனாகும் என்பது கொத்தனார்களுக்குத் தெரியும்; அந்த நிலையில் பக்கெட் எடை குறையக்கூட வாய்ப்பு உண்டு. ஆபத்து முழுக்க நனைந்த மணலில்.) 20 மி.மீ. ஜல்லி ஒரு கன மீட்டருக்கு 1,500 கிலோ அளவில் நிற்கும். அதை நம்பலாம், நனைந்தாலும் எடை பெரிதாக ஏறாது. உடைத்த கான்கிரீட் துண்டுகளோடு மிகக் கவனமாக இருக்க வேண்டும். இடைவெளியோடு கிடக்கும்போது எடை குறைவாகத் தோன்றும். ஆனால் முழுக் கான்கிரீட் ஒரு கன மீட்டர் 2,400 கிலோ. பெரிய துண்டு ஒன்று பக்கெட்டை அடைத்துக்கொண்டால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு நார் ஆலையின் களத்தில் நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். தென்னை மட்டையிலிருந்து நார் எடுத்த பிறகு உதிர்கிற துகள் மலைபோல் குவிந்திருந்தது. காய்ந்தால் அது பஞ்சு. அதனால் அங்கே லோடருக்குப் பெரிய பக்கெட் மாட்டியிருந்தார்கள். இரண்டு நாள் மழை. அந்தத் துகள் தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைக் குடித்துத் தேக்கிவைக்கும். செடி வளர்ப்பவர்கள் அதை விரும்புவதே அதற்காகத்தான். மூன்றாம் நாள் காலை, வழக்கம்போல் பக்கெட்டை நிரப்பி, டிப்பரில் கொட்டுவதற்காக, பக்கெட்டைத் தாங்கும் லோடரின் கையை உயர்த்தினார் ஆபரேட்டர். முன்சக்கரங்கள் குவியலின் ஓரச் சகதியில் அமுங்கியிருந்தன. கை பாதி உயரம் வந்திருக்கும். பின்சக்கரங்கள் ஒரு சாண் எழும்பின. நான் பின்னால், பாதுகாப்பான தூரத்தில் நின்றிருந்தேன். சக்கரம் விட்டுவந்த இடத்தில் டயரின் வரிகள் அப்படியே சேற்றில் பதிந்திருந்தன. அந்த வரிகளுக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. அவர் பதறவில்லை. லிவரை மிக மெல்லத் தள்ளி, பக்கெட்டைக் கீழே கொண்டுவந்தார். சக்கரங்கள் பதிந்த தடத்திலேயே வந்து உட்கார்ந்தன. இறங்கி வந்ததும் பக்கத்தில் நின்ற இளைஞனிடம், “தம்பி, நேற்று அள்ளியது துகள். இன்று அள்ளியது தண்ணீர்” என்றார். பிறகு அந்தக் குவியலை அரை பக்கெட், அரை பக்கெட்டாகவே அள்ளி முடித்தார்.

அந்தச் சம்பவத்தில் ‘பாதி உயரம்’ என்பது தற்செயல் அல்ல. பல லோடர்களில் கை ஒரு வட்டத்தின் வில்போல் மேலே போகிறது. கீழே இருக்கும்போது பக்கெட் வண்டிக்கு அருகில் இருக்கும். உயர உயர முன்னே தள்ளிச் சென்று, ஆபரேட்டரின் கண்மட்டத்தை ஒட்டி மிக அதிகத் தூரத்தை அடையும். அதற்கு மேலே போனால் மீண்டும் வண்டியை நோக்கி வரும். ஆகவே தரையில் சமர்த்தாக இருந்த பாரம் நடுவழியில் வண்டியைத் தூக்கிவிடலாம். நேர்குத்தாக உயரும்படி அமைத்த கைகளும் உண்டு. லாரியில் கொட்டுகிற வேலைக்கு அவை ஏற்றவை. உங்கள் வண்டி எந்த வகை என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த வகையானாலும் ஓடும்போது பக்கெட் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவே இருக்க வேண்டும். கொட்டுகிற இடத்துக்கு வந்து, நின்ற பிறகே உயர்த்த வேண்டும். கொட்டியதும் இறக்கிவிட்டுத்தான் நகர வேண்டும்.

சரிவுக்கு ஒரே விதிதான்: கனமான பக்கம் எப்போதும் மேட்டை நோக்கி இருக்க வேண்டும். பக்கெட் காலியாக இருந்தால் கனமான பக்கம் பின்புறம், என்ஜின் இருக்கும் பக்கம். ஆகவே காலி வண்டி மேட்டில் பின்னோக்கி ஏற வேண்டும், முன்னோக்கி இறங்க வேண்டும். பக்கெட் நிறைந்திருந்தால் கனமான பக்கம் முன்புறம். ஆகவே முன்னோக்கி ஏறி, பின்னோக்கி இறங்க வேண்டும். புதியவர்கள் பாரத்தோடு முன்னோக்கி இறங்குவார்கள், பாதை நன்றாகத் தெரிகிறது என்பதற்காக. அதன் விலை என்ன என்று நம் வண்டியிலேயே பார்க்கலாம்.

நான்கடி தூரத்துக்கு ஓரடி இறங்குகிற சரிவு. வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், பக்கெட்டை இரண்டு மீட்டர் உயர்த்தியிருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். மூக்கு பள்ளத்தை நோக்கியபோது வண்டியின் எடை முன்சக்கரத்தை நெருங்கி வருகிறது. பாரமோ இன்னும் விலகி முன்னே போகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நமக்கு எதிராக நடக்கின்றன. கணக்குப் போட்டால் சமதளத்தில் 1,400 கிலோவாக இருந்த கவிழ்பாரம் சுமார் 750 கிலோவுக்கு விழுந்துவிடுகிறது. அனுமதிக்கப்பட்ட 700 கிலோவுக்கும் கவிழ்வதற்கும் நடுவே ஒரு சிமெண்ட் மூட்டை எடைதான் பாக்கி. அதே சரிவில் பக்கெட்டைத் தாழ்த்தி, உள்ளே சுருட்டி வைத்திருந்தால் கவிழ்பாரம் 1,100 கிலோ அளவில் நிற்கும். அப்படியும் பாரத்தோடு முகம் குப்புற இறங்கக் கூடாது. சரிவின் குறுக்கே ஓடுவதையும், சரிவில் திரும்புவதையும் தவிர்த்துவிடுங்கள். நேராக ஏறி, நேராக இறங்கி, சமதளத்தில் திரும்புங்கள்.

“எங்கள் களம் சமதளம்தான், சரிவே இல்லை” என்று சொல்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பிரேக்கும் ஒரு சரிவுதான். இந்த வண்டிகள் மணிக்கு 10, 12 கிலோமீட்டர் வேகத்தில்தான் ஓடும். ஆனால் லிவரைக் கையிலிருந்து விட்டால் சட்டென்று நிற்கும் குணம் அவற்றுக்கு உண்டு. 10 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டியை ஒன்றரை மீட்டர் தூரத்துக்குள் நிறுத்தினால், அந்த நேரத்தில் பாரமும் வண்டியும் உணர்வது, மேலே சொன்ன நான்கடிக்கு ஓரடிச் சரிவில் மூக்கைக் கீழே வைத்து நிற்பதற்குச் சமம். சமதளத்தில் நின்றுகொண்டே நாம் ஒரு சரிவை உண்டாக்கிவிடுகிறோம். கையை உயர்த்திக்கொண்டு ஓடி, லாரிக்கு அருகில் வந்து வெடுக்கென்று நிறுத்துகிறவர்கள் கவிழ்வது இதனால்தான். இறக்கும்போதும் இப்படியே: பாரத்தை வேகமாக இறக்கி, நடுவில் சட்டென்று நிறுத்தினால் அந்தக் கணத்தில் பாரம் கூடுதலாக இழுக்கும்.

தரையைப் பற்றி ஒரு வார்த்தை. தோண்டிய பள்ளத்தின் விளிம்பு கெட்டியாகத் தெரியும், ஆனால் உள்ளே பிடிப்பு இருக்காது. பள்ளம் எவ்வளவு ஆழமோ, குறைந்தது அவ்வளவு தூரம் தள்ளியே ஓட்டுங்கள். இளகிய மண்ணாக இருந்தால் அதற்கும் மேலே. ஒரு முன்சக்கரம் குழியில் இறங்கினால் வண்டி முன்னும் பக்கமும் ஒன்றாகச் சாயும். அப்போது பக்கெட் உயரத்தில் இருந்தால் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்காது.

வண்டி சாயத் தொடங்கினால் குதிக்காதீர்கள். சொல்வது எளிது, அந்த நொடியில் உடம்பு குதிக்கத்தான் பார்க்கும். ஆனால் உங்களைச் சுற்றியுள்ள கூண்டு, வண்டி உருண்டாலும் நசுங்காமல் நிற்பதற்கென்று செய்யப்பட்டது. சீட் பெல்ட்டும் மடிமேல் இறங்கும் கம்பியும் உங்களை அந்தக் கூண்டுக்குள் பிடித்து வைப்பதற்காக இருக்கின்றன. குதிப்பவர் விழுவது பெரும்பாலும் அந்தக் கூண்டுக்கும் தரைக்கும் நடுவில். பெல்ட் இல்லாமல் ஓட்டுவதும், மடிக் கம்பியின் பூட்டை வேலை செய்யாமல் கட்டிவைப்பதும் பல களங்களில் பழக்கமாகியிருக்கின்றன. ஏறி இறங்கச் சிரமம் என்பார்கள். வீட்டில் மாலை விளக்கு ஏற்றிக் காத்திருக்கிறார்கள் என்பதைவிட அந்தச் சிரமம் ஒன்றும் பெரிதில்லை. உயர்த்திய கைக்குக் கீழே யாரும் போகக் கூடாது. பழுது பார்க்க வேண்டுமானால் கையைத் தாங்கும் இரும்புத் தடையைப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு ஹைட்ராலிக் குழாய் வெடித்தால் பல நூறு கிலோ இரும்பு நொடியில் கீழே வரும்.

முதல் முறை ஓட்ட உட்காருகிறவர்களுக்கு நான் ஒரு பயிற்சி கொடுப்பதுண்டு. ஆள் நடமாட்டம் இல்லாத சமதளம், அரை பக்கெட் காய்ந்த மணல், பக்கெட் முழங்காலுக்குக் கீழே. சுண்ணாம்புத் தூளால் தரையில் ஒரு கோடு. நடை வேகத்தில் வந்து அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். ஆபரேட்டருக்குத் தெரியும்படி, பத்து மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் நிற்கிறவர் பின் டயரின் அடிவயிற்றை மட்டும் பார்க்க வேண்டும். மெல்ல நின்றால் டயரின் அடி முன்போலவே தட்டையாகப் பிதுங்கி இருக்கும். கொஞ்சம் வெடுக்கென்று நின்றால் அந்தப் பிதுக்கம் ஒரு கணம் சுருங்கி, டயர் உருண்டையாகி, பிறகு மீண்டும் தட்டையாகும். பார்த்தவர் இருக்கையிலும் ஓட்டியவர் பக்கவாட்டிலும் இடம் மாறிக்கொண்டு இன்னொரு முறை. நான்கைந்து முறை செய்தால் போதும், பின்சக்கரம் லேசாகிற அந்தக் கணம் இருக்கையின் வழியாகவே இடுப்புக்குத் தெரியத் தொடங்கும். அது தெரிந்த பிறகுதான் நான் முழு பக்கெட் அள்ளச் சொல்வேன்.